மா டின்னுக்குள் என் தங்கச்சி

ஒலிபெருக்கியில் அப்பாவின் பெயரைச் சொன்னார்கள்.

"இன்றைய மூன்றாம் நாள் பூசையும் அன்னதானமும், மேட்டு லயத்துக் கருப்பையா குடும்பத்தாரின் உபயம்!"

தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. குழாயை எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பக்கமாகத்தான் திருப்பிக் கட்டியிருந்தார்கள். அம்மா இஸ்தோப்புத் திண்ணையில் நின்று தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். பெயரைக் கேட்டதும் கை அப்படியே நின்றது. ஒலிபெருக்கி இன்னொரு தரம் சொன்னது. அம்மா உள்ளே போய் மா டின்னைத் தூக்கித் தரையில் கவிழ்த்தாள்.

கோதுமை மா குவியலாகக் கொட்டியது. இரண்டு கையாலும் அளைந்து பார்த்தாள். மாவைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

"ஒங்கப்பன் எடுத்துட்டான்டி தெய்வான" என்றாள் என்னிடம். "எம்புள்ளய எடுத்துட்டுப் போயிட்டான்."

அந்த டின்னுக்குள் என் தங்கச்சி பாக்கியம் இருந்தாள். அவளைக் கொழும்பிலிருந்து மீட்டுக் கொண்டுவர நாங்கள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு அதற்குள் மாவுக்கு அடியில் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கோபப்படாமல் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நாலைந்து தாளைக் கிழித்துப் போட்ட பிறகு அந்த ஆசையை விட்டுவிட்டேன்.

சார்ட் தாளில் சிக்கனம்

போன மாதம் எங்கள் தோட்டத்துக் கூடத்துக்கு ஏதோ ஒரு நிறுவனத்திலிருந்து ஒரு இளம் பிள்ளை வந்தது. நல்ல பிள்ளைதான், சிரித்த முகம். பெரிய சார்ட் தாளைச் சுவரில் ஒட்டி, வீட்டுச் செலவைக் குறைப்பது எப்படி, கடனிலிருந்து மீள்வது எப்படி என்று ஒவ்வொன்றாகக் குச்சியால் தொட்டுக் காட்டியது. தேவை எது, ஆசை எது என்று பிரித்துப் பார்க்க வேண்டுமாம். சம்பளம் வந்த உடனே ஒரு பங்கை எடுத்துத் தனியாக வைக்க வேண்டுமாம்.

முன் வரிசையில் இருந்த என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க வாழ்க்கையில எப்பவாவது சேமிச்சுப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டது.

நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்குச் சொல்லாத பதில்தான் இந்தத் தொடரின் இந்த வாரத்து அத்தியாயம்.

கத்தி வழுக்கியது

அரிசி விலை ஏறி நாடே கொதித்ததே, அதற்கு அடுத்த வருஷம் என்று நினைக்கிறேன். அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போன இடத்தில் மழை ஈரத்தில் கத்தி வழுக்கிக் காலில் இறங்கிவிட்டது. புண் லேசில் ஆறவில்லை. மழைக்காலம் முழுவதும் மனுஷன் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள்ளேயே கிடந்தார்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்று கணக்கு. வேலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. அம்மாவும் நானும் கொழுந்து பறித்தோம். அப்போது எனக்குப் பதினைந்து பதினாறு வயது. பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திக் கூடையை மாட்டிவிட்டிருந்தார்கள்.

சம்பளம் என்றால் முழுதாகக் கைக்கு வரும் என்று நினைக்காதீர்கள். ஸ்டோரில் தரும் அரிசிக்குப் பிடிப்பார்கள். தீபாவளி முற்பணத்துக்குப் பிடிப்பார்கள். சலவைக்குப் பிடிப்பார்கள், கோவிலுக்குப் பிடிப்பார்கள். மிச்சத்தை வாங்கிக்கொண்டு திரும்பினால் கடை நானா வாசலில் நிற்பார். அவரையும் குறை சொல்ல மாட்டேன். அவரும் தலவாக்கலை டவுனில் பெரிய கடைக்காரரிடம் கடனுக்குத்தான் சாமான் எடுத்தார்.

அப்பா படுத்ததும் கடைக்கடன் ஏறியது. "இனி நான் என்னா செய்யிறது தங்கச்சி, எனக்கும் புள்ளக்குட்டி இருக்கு" என்று நானா ஒரு நாள் கையை விரித்துவிட்டார். அந்த வாரமே ஒரு தரகர் வந்தார்.

கொழும்பில் ஒரு பெரிய வீடு. நல்ல மனிதர்கள். ஒரு சின்னப் பிள்ளை போதும், கைவேலைக்கு. கடைக்கடன் முழுவதையும் முன்பணமாகத் தந்துவிடுவார்கள். பிள்ளைக்குச் சாப்பாடும் துணியும் உண்டு, சம்பளம் கிடையாது. முன்பணத்தை என்றைக்குத் திருப்பிக் கொடுக்கிறோமோ அன்றைக்குக் கூட்டிக்கொள்ளலாம்.

நான் கூடை தூக்கிச் சம்பாதிக்கிறவள், என்னை அனுப்பினால் நட்டம். பாக்கியத்துக்குப் பத்து வயது. அனுப்பிவிட்டார்கள். என் பழைய கவுனைப் போட்டுக்கொண்டு, அது தரையைத் தடவ, தரகரின் பின்னால் ஸ்டேஷனுக்கு நடந்து போனாள். இப்போது எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

சீனி, மண்ணெண்ணெய், வெற்றிலை

அவள் போன மறுநாளே அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் சீனி. வெறுந்தேத்தண்ணியில் போட ஒன்றும் இல்லை. நாங்கள் பறிக்கிற தேயிலைதான் உலகமெல்லாம் போகிறது. எங்களுக்கு வந்தது தூள். அதைச் சீனியில்லாமல் குடித்துப் பாருங்கள், தெரியும்.

அடுத்தது மண்ணெண்ணெய். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்தாக வேண்டும். அடுப்புக்கு மிலாறு, அதாவது கவ்வாத்து வெட்டிய செடியின் காய்ந்த சுள்ளி. அந்த வெளிச்சத்திலேயே பாத்திரம் கழுவுவோம். துணிக்குச் சாம்பல். ரொட்டிக்குத் தேங்காய்ப்பூ கிடையாது, மாவும் உப்பும் தண்ணீரும்தான். ஓடைக்கரையில் முளைத்த கீரையெல்லாம் எங்கள் சட்டியில் வெந்தது.

அம்மா வெற்றிலையை விட்டாள். மலையில் விடியற்காலையில் இருந்து நனைந்துகொண்டே நிற்கிற பெண்ணுக்கு வெற்றிலை ஒரு கம்பளி மாதிரி. பக்கத்து நிரையில் யாராவது வாயில் போட்டால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கல்யாணம், சடங்கு என்று எதற்கும் போகவில்லை. போனால் மொய் வைக்க வேண்டும். "வீராயிக்கு முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் காய்ச்சல் வந்துருது" என்று அம்மாவைப் பார்த்து லயமே சிரித்தது. அந்தத் தீபாவளிக்கு முற்பணம் வேண்டாம் என்று அம்மா சொன்னபோது கணக்கப்பிள்ளை நம்பாமல் இரண்டு தரம் கேட்டார். புதுத்துணி இல்லை, கறி இல்லை. ஊரெல்லாம் வெடி வெடிக்க நாங்கள் கீரையும் ரொட்டியும் தின்றோம்.

அப்பாவையும் சொல்ல வேண்டும். கால் ஆறி வேலைக்குப் போனதும் அவர் சாராயத்தைத் தொடவில்லை. சம்பள நாளன்று கூட்டாளிகள் தவறணைப் பக்கம் போகும்போது இவர் மட்டும் தனியாக வீட்டுக்கு ஏறி வருவார். அது சின்ன விஷயமில்லை. அதை நான் அப்போதே நினைத்தேன், அதனால்தான் பின்னால் வந்த கோபம் இரண்டு மடங்காக வந்தது.

துரைசாணியின் புத்திமதி

இந்த நாட்களில்தான் தோட்டத்துத் துரையின் மனைவி துரைசாணி ஒரு நாள், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு வந்தாள். எங்களை வரிசையாக உட்கார வைத்துப் பேசினாள். கணக்கப்பிள்ளை தமிழில் சொன்னார். தேத்தண்ணிக்குச் சீனி குறைவாகப் போட்டால் காசு மிச்சமாம். பிள்ளைகளுக்குத் தினமும் பாலும் முட்டையும் கொடுக்க வேண்டுமாம்.

"சரிங்க தொரசாணி" என்றோம் எல்லோரும் ஒரே குரலில்.

என் பக்கத்தில் இருந்த அஞ்சலை அக்கா மட்டும், "அந்த முட்டைய யாரு கோழி போடுமாம்?" என்று முணுமுணுத்தாள். அஞ்சலை அக்கா எங்கள் அடுத்த காம்பரா. நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. துரைசாணியின் மகள் வெள்ளை சாக்ஸ் போட்டுக்கொண்டு காருக்குள் இருந்தது. பாக்கியத்தின் வயதுதான் இருக்கும். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோவில் பங்கு

டின் நிறைந்துகொண்டு வந்தது. இன்னும் ஒரு சம்பளம் வந்தால் போதும், போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்ற நிலைமை. அப்போதுதான் திருவிழாக் கூட்டம் போட்டார்கள்.

கோவில் பங்கு என்பது வீட்டுக்கு இவ்வளவு என்று கமிட்டி முடிவு செய்யும். ஆபீஸில் சொல்லிச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். அந்த வருஷம் பங்கை ஏற்றியிருந்தார்கள். அம்மா கூட்டத்தில் எழுந்து நின்றாள். அந்த நாளில் ஒரு பெண் கூட்டத்தில் எழுந்து நிற்பதே பெரிய பேச்சு.

"எங்க வீட்டுப் பங்க இந்த ஒரு வருசம் விட்டுருங்க. எம்புள்ளயக் கூட்டியாந்துட்டு, அடுத்த வருசம் சேத்துத் தாரேங்க."

கமிட்டித் தலைவர் தோட்டத்துப் பெரிய கங்காணி. கோட்டுப் போட்டு, கையில் தடியோடு உட்கார்ந்திருந்தார். அம்மாவை அவர் பார்க்கவே இல்லை.

"என்னாப்பா கருப்பையா, ஒங்க வீட்டுல இப்ப யாரு வேட்டி கட்டுறது?"

கூட்டம் சிரித்தது.

"சாமி பங்குல கைய வச்ச குடும்பம் வெளங்குமா? தேரு ஒங்க லயத்து வாசல்ல நிக்காது. அப்பறம் என்னையக் கொற சொல்லக்கூடாது."

அப்பா தலையைத் தூக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றிருக்கும். ஒரு வருஷமாகச் சாராயம் இல்லை, மொய் இல்லை, கூட்டாளி இல்லை. லயமெல்லாம் கேலி பேசியதை மனுஷன் விழுங்கிக்கொண்டுதான் இருந்தார். இந்த ஒரு சிரிப்பை அவரால் விழுங்க முடியவில்லை.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் அந்த மூன்றாம் நாள் உபயம். பங்கு கொடுக்க முடியாதவன் என்று சிரித்தவர்கள் முன்னால் ஒரு நாள் பூசையையே எடுத்து நடத்திக் காட்டுவது. டின்னைத் திறந்து மொத்தத்தையும் எடுத்துக்கொண்டுபோய்த் தலைவர் கையில் கொடுத்துவிட்டார். அது எந்தக் காசு என்று தலைவருக்குத் தெரியும். தோட்டத்துக்கே தெரியும். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்த மனிதரை இந்த வயதிலும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இலை போட்டாயிற்று

அம்மா கையில் மாவோடு அப்படியே கோவில் மேட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

அன்னதானப் பந்தி உட்கார்ந்திருந்தது. வரிசையாக வாழையிலை, சோறு, சாம்பார், பூசணிக்காய்க் கறி. அப்பா தலையில் பரிவட்டம் கட்டி, நெற்றி நிறையச் சந்தனத்தோடு, தலைவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப் போய்விட்டது.

அம்மா பந்திக்கு நடுவே போய் நின்றாள். கத்தவில்லை.

"சாப்புடுங்க. எல்லாரும் நல்லாச் சாப்புடுங்க. இது எம்மக பாக்கியத்தக் கூட்டியார வச்சிருந்த காசுல ஆக்குன சோறு. அவ இன்னும் ஒரு வருசம் கொழும்புல எச்சித்தட்டு கழுவட்டும். நீங்க கொறையில்லாமச் சாப்புடுங்க."

"கருப்பையா, ஒம்பொஞ்சாதியக் கூட்டிட்டுப் போ" என்றார் தலைவர். "சாமி முன்னால ஒப்பாரி வக்கிறா."

எல்லோரும் இலையை விட்டு எழுந்துவிட்டார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். எழவில்லை. கொஞ்ச நேரம் கைகள் நின்றன, பிறகு குனிந்தபடியே சாப்பிட்டார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் வயிறு நிறையக் கிடைக்கிற சோறு. என் கூடப் பறிக்கிற பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது, அப்புறம் போய்விட்டது.

அஞ்சலை அக்கா மட்டும் இலையை மடித்துவிட்டு எழுந்தாள். அவளைப் பார்த்து இன்னும் மூன்று நான்கு பெண்கள். அவர்கள் எங்களோடு இறங்கி வந்தார்கள்.

அதன் பிறகு அம்மா அப்பாவோடு பேசவில்லை. தேர் எங்கள் வாசலில் நின்றது. தேங்காய் உடைக்க அம்மா வெளியே வரவில்லை.

எத்தனை கை

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக் கொழுந்து. வாரநாளில் பறிப்பது பேர்க் கணக்குக்கு. ஞாயிறு பறிப்பது எடை போட்ட உடனேயே றாத்தலுக்கு இவ்வளவு என்று காசாகக் கைக்கு வரும். அதில் மட்டும்தான் யாரும் எதுவும் பிடிக்க முடியாது.

கொழுந்து நன்றாகத் துளிர்த்திருந்த காலம். நான் அம்மாவின் அடுத்த நிரையில் நின்றேன். வெயில் ஏறும் நேரத்தில் அஞ்சலை அக்கா தன் நிரையை விட்டு வந்து, தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி அம்மாவின் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

பிள்ளைத்தாச்சிக்கும் காய்ச்சல்காரிக்கும் அப்படிப் போடுவது மலையில் வழக்கம்தான். ஆனால் அது வாரநாளில், பேர் குறையாமல் இருக்க. கைக்காசுக் கொழுந்தை யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. அது அவரவர் பிள்ளையின் மருந்துக்காசு.

கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி வந்தாள். அப்புறம் இன்னொருத்தி. அன்னதானத்தில் குனிந்து சாப்பிட்டவளும் வந்தாள். தலைவரின் மருமகளும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்து போட்டாள். அம்மா பறித்துக்கொண்டே இருந்தாள். கண்ணீர் வடிந்தபடி இருந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

நிறுவையில் கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்தார். கூடைக்கு என்றும் தண்ணீருக்கு என்றும் வழக்கம்போலக் கழித்தார். கழித்தும் மிச்சம் அதிகமாக இருந்தது.

"என்னா வீராயி, ஒனக்கு எத்தன கை?"

"நெறைய இருக்குங்கய்யா" என்றாள் அம்மா.

அவர் வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தார். ஒருத்தியும் தலையைக் குனியவில்லை. காசை எண்ணிக் கொடுத்தார்.

கொழுந்துக் காலம் முடியும் வரை ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் நடந்தது. அப்பாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் கொந்தரப்பு என்ற ஒப்பந்த வேலைக்குப் போய், வந்த காசை அடுப்பு மேட்டில் வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். டின் இப்போது அஞ்சலை அக்கா வீட்டில் இருந்தது. டின் எங்கே என்று அவர் கேட்கவில்லை.

கொழும்பு வீட்டின் பின்வாசல்

நானும் அம்மாவும்தான் போனோம். ரயிலில் அம்மா முந்தானை முடிச்சை விட்டுக் கையை எடுக்கவில்லை.

முன்வாசலில் நின்றோம், பின்பக்கம் வரச் சொன்னார்கள். அந்த வீட்டம்மா நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். நாங்கள் நின்றோம். முன்பணம் திரும்பி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"இப்பிடிக் காசு சேர்க்கத் தெரிஞ்ச நீங்கள் முந்தியே சேர்த்திருக்கலாமே" என்றார். "தோட்டத்து ஆக்களுக்குச் சிக்கனம் எண்டா என்னெண்டே தெரியாது. அதாலதான் பிள்ளைகளை இப்பிடி அனுப்பிப்போட்டு நிக்கிறீங்கள்."

அம்மா முடிச்சை அவிழ்த்து, சில்லறையும் நோட்டுமாக எல்லாவற்றையும் திண்டின் மேல் கொட்டினாள்.

"எண்ணிப் பாத்துக்குங்கம்மா. இதுல எங்க வீட்டுச் சீனி இருக்கு. மண்ணெண்ண இருக்கு. எம்புருசன் குடிக்காத சாராயம் இருக்கு. ஒரு மலைப் பொம்பளைங்க அத்தன பேரோட கொழுந்து இருக்கு. இன்னும் எத மிச்சம் புடிக்கணும்னு நீங்களே சொல்லுங்க, அதையும் புடிக்கிறேன். எம்புள்ளய மட்டும் குடுத்துருங்க."

காசை எண்ணினார். கடைசிச் சதம் வரை எண்ணினார்.

பாக்கியத்தைக் கூப்பிட்டார்கள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கை சலவைச் சோடாவில் வெந்து தோல் உரிந்திருந்தது. எங்களைப் பார்த்தாள், ஆனால் ஓடி வரவில்லை. அந்த அம்மாவைப் பார்த்து, "போகட்டுங்களாம்மா?" என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டிய பிறகுதான் நடந்து வந்தாள்.

சாப்பாடு

அன்றைக்கு வீட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும். அப்பா கையில்தான் தட்டு இருந்தது. சோற்றைப் போட்டுப் பாக்கியத்துக்கு முன்னால் வைத்தார்.

பாக்கியம் சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள்.

"ஒக்காரும்மா" என்றார் அப்பா.

"நீங்க சாப்புடுங்க. நான் பெறகு சாப்புட்டுக்கிறேன்."

"இது நம்ம வீடும்மா. ஒக்காரு."

அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா மறுபடியும் சொன்னார். நான் சொன்னேன், கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கால் மடங்கவே இல்லை. எங்களைப் பயத்தோடு பார்த்தாள். அப்பா மண்டியிட்டு உட்கார்ந்தபடியே அழ ஆரம்பித்தார்.

அம்மா தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பாக்கியத்துக்குப் பக்கத்தில் சுவரோடு போய் நின்றாள். திருவிழாவிலிருந்து பேசாதிருந்தவள் அப்பாவைப் பார்த்து அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பேசினாள்.

"எந்திரிங்க" என்றாள். "புள்ள நிக்கிதுல்ல."

அப்பா எழுந்தார். நானும் எழுந்தேன். நாங்கள் நான்கு பேரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம்.